கொண்டை ஊசி வளைவு என்றால் என்ன?

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி பஸ் புறப்படுகிறது. கல்லாறு வருகிறது. பாக்குத் தோப்புகள் பின்னால் போகின்றன. பஸ் மலை ஏறத் தொடங்குகிறது.

சாலை ஓரத்தில் ஒரு பலகை. "கொண்டை ஊசி வளைவு" என்று அதில் எழுதி, பக்கத்தில் ஓர் எண்ணும் போட்டிருக்கிறது.

எழுத்துக் கூட்டிப் படிக்கப் புதிதாகப் பழகிய சிறுவன் ஒருவன் பஸ்ஸில் இருந்தால், அதை உரக்கப் படிப்பான். உடனே கேட்பான்:

"பாட்டி, ஊசி எங்கே?"

அவனுக்குத் தெரிந்த ஊசிகள் இரண்டே. ஒன்று துணி தைக்கிற ஊசி. மற்றொன்று டாக்டர் போடுகிற ஊசி. இரண்டும் நேரானவை. வளைந்து போகிற சாலைக்கும் நேரான ஊசிக்கும் என்ன சம்பந்தம்?

பாட்டி சிரித்துக்கொண்டே தன் கொண்டையில் இருந்து ஒரு கறுப்புக் கம்பியை உருவிக் காட்டுவாள்.

"இது தான் கண்ணு கொண்டை ஊசி. இந்தக் காலு வழியா மேலே வந்து, இங்கே திரும்பி, அந்தக் காலு வழியா போகுது பாரு. நம்ம பஸ்சும் அப்படித்தான் போகப் போகுது."

சொல்லி முடிப்பதற்குள் பஸ் திரும்புகிறது. இதுவரை இடது பக்கம் இருந்த பள்ளம் இப்போது வலது பக்கம் வந்துவிட்டது! சற்று முன் வந்த சாலை, கீழே ஒரு நாடா போலத் தெரிகிறது.

சிறுவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால், இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்திருக்கிறதா?

அதுதான் கேள்வி.

வீட்டில் இருந்து சாலைக்கு வந்த சொல்

இது ஆங்கிலத்தில் இருந்து வந்த பெயர். "ஹேர்பின் பெண்ட்" என்பார்கள். ஹேர் என்றால் முடி. பின் என்றால் ஊசி. பெண்ட் என்றால் வளைவு.

"ஹேர்பின்" என்பது ஒரு பொருளின் பெயர். ஆனால் "பெண்ட்" என்ற சொல்லுக்கு முன்னால் வரும்போது, அது எப்படிப்பட்ட வளைவு என்று காட்டும் அடைமொழி ஆகிவிடுகிறது. தமிழிலும் இந்த வழக்கம் உண்டு. "மர நாற்காலி" என்கிறோம். "பொன் வளையல்" என்கிறோம். மரமும் பொன்னும் பொருள்கள். ஆனால் அங்கே அவை நாற்காலியையும் வளையலையும் விளக்க வந்த அடைமொழிகள்.

மோட்டார் கார் பெருகத் தொடங்கிய காலத்தில் இந்தப் பெயர் ஆங்கிலத்தில் பரவியது. ஆனால் வளைவு அதற்கு முன்பே இருந்தது. இத்தாலி நாட்டில் ஆல்ப்ஸ் மலை மீது ஸ்டெல்வியோ என்ற கணவாய்ச் சாலை இருக்கிறது. அது 1825-ல் திறக்கப்பட்டது. அப்போது மோட்டார் ஏது? குதிரை வண்டிதான். அந்தச் சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

பிரெஞ்சுக்காரர்களும் இதைக் கொண்டை ஊசி என்றே சொல்கிறார்கள். அவர்களிடம் இன்னொரு பெயரும் உண்டு. மேலும் கீழும் மாறி மாறித் திரும்பும் மலைச் சாலையை, பூட்ஸ் கயிறு கட்டியது போன்ற சாலை என்பார்கள்.

தமிழில் பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். "முடி ஊசி வளைவு" என்று அவர் வார்த்தைக்கு வார்த்தை மாற்றவில்லை. அப்படி மாற்றி இருந்தால் யாருக்கும் விளங்கி இராது. தமிழ் நாட்டுப் பெண்கள் எந்த ஊசியைச் செருகுகிறார்கள் என்று பார்த்து, "கொண்டை ஊசி" என்றார். வீட்டில் இருந்த பொருள் சாலைக்கு வந்தது. படிக்காதவருக்கும் படம் கண் முன் நின்றது.

இப்போது பல வீடுகளில் அந்த ஊசி இல்லை. கிளிப் வந்துவிட்டது. ரப்பர் பேண்ட் வந்துவிட்டது. கல்யாணப் பெண்ணின் கொண்டையிலும், பரத நாட்டியம் ஆடும் பெண்ணின் கொண்டையிலும்தான் பெரும்பாலும் அதைப் பார்க்க முடிகிறது. பொருள் மறைய மறைய, சொல்லின் பொருளும் மறைகிறது. பலகையில் எழுத்து இருக்கிறது. மனதில் படம் இல்லை.

எது கொண்டை ஊசி? எது இல்லை?

மலைப்பாதையில் உள்ள ஒவ்வொரு வளைவையும் கொண்டை ஊசி வளைவு என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு.

மலையின் மூக்கைச் சுற்றிக்கொண்டு சாலை போகும். அது சாதாரண வளைவு. பாம்பு போல இப்படியும் அப்படியும் நெளிந்து போகும். அதுவும் கொண்டை ஊசி அல்ல. போன சாலை, வந்த பக்கத்துக்கே திரும்ப வேண்டும். "ப" என்ற எழுத்தின் இரண்டு கால்கள் போல, மேல் சாலையும் கீழ்ச் சாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். அதுதான் கொண்டை ஊசி.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வளைவுக்கு முன் பள்ளம் எந்தப் பக்கம் இருந்தது? வளைவுக்குப் பின் எந்தப் பக்கம் இருக்கிறது? பக்கம் மாறி இருந்தால் அது கொண்டை ஊசி. மாறாவிட்டால் அது வெறும் வளைவு. குழந்தைகள் பஸ்ஸில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் போகும் சாலையில் இப்படி 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஊட்டிக்கு அருகே தலைக்குந்தாவில் பிரிந்து, கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36. திம்பம் மலைப்பாதையில் 27. வால்பாறைச் சாலையில் 40. கொல்லிமலையில் 70!

எண் போட்ட வளைவுகள் இவை. எண் போடாத வளைவுகள் இன்னும் எத்தனையோ. எண் உள்ள இடத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஏன் இப்படி வளைக்க வேண்டும்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இடையில் ஏற வேண்டிய உயரம் 1,500 மீட்டருக்கு மேல். அதாவது சுமார் 5,000 அடி.

நேராக ஏணி வைத்தது போல் சாலை போட்டால் எந்த வண்டியும் ஏறாது. ஆகவே இஞ்சினீயர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள்.

20 அடி ஓடினால் 1 அடி ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். 100 அடி உயரம் ஏற 2,000 அடி நீளச் சாலை வேண்டும். ஆனால் அந்த மலைச் சரிவின் அகலம் 500 அடிதான் இருக்கிறது. மிச்சம் 1,500 அடிச் சாலைக்கு எங்கே போவது?

உழவன் என்ன செய்கிறான்? வயலின் கோடி வரை ஏர் ஓட்டுகிறான். அங்கே மாட்டைத் திருப்புகிறான். வந்த பக்கமே மறுபடி உழுகிறான். இஞ்சினீயரும் அதையே செய்கிறார். 500 அடி போய்த் திரும்புகிறார். மறுபடி 500 அடி. மறுபடி திருப்பம். நான்கு நடை போனால் 2,000 அடி வந்துவிடும். மூன்று இடத்தில் திருப்பம் வரும். அந்த மூன்றும் கொண்டை ஊசி வளைவுகள்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறி வந்தார். அப்போது வண்டிச் சாலை கிடையாது. பிறகு ஒவ்வொரு பாதையாக வெட்டினார்கள். குன்னூர் மலைச் சாலையை அமைத்ததில் பெரும் பங்கு கொண்டவர் கர்னல் லா என்ற இஞ்சினீயர். குன்னூர் அருகே உள்ள "லாஸ் நீர்வீழ்ச்சி" அவர் பெயரால் அழைக்கப்படுவதுதான்.

ரெயிலுக்குக் கொண்டை ஊசி இல்லை

இதே மலையில் ரெயிலும் ஏறுகிறது. ஆனால் ரெயில் பாதையில் கொண்டை ஊசி வளைவு கிடையாது. காரணம் என்ன?

பஸ் ஒரே வண்டி. முன் சக்கரத்தைத் திருப்பினால் திரும்பிவிடும். ரெயில் அப்படி அல்ல. பெட்டிக்குப் பின் பெட்டி. சக்கரங்கள் இரும்புத் தண்டவாளத்தை விட்டு விலக முடியாது. அவ்வளவு குறுகலாக அது திரும்பாது.

ஆகவே ரெயிலுக்கு வேறு வழி செய்தார்கள். மெதுவாக வளையும் 208 வளைவுகள். 16 சுரங்கங்கள். 250 பாலங்கள். கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம். எஞ்சினில் உள்ள பல் சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இறங்கும்போதும் அந்தப் பிடி விடாது. 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரெயில், 1908-ல் ஊட்டியை எட்டியது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ரெயிலைத் தாங்கிப் பிடிக்கப் பல் சக்கரம் இருக்கிறது. காரையும் பஸ்ஸையும் தாங்கிப் பிடிக்க என்ன இருக்கிறது?

கியர்தான் இருக்கிறது. டிரைவரின் நிதானம் இருக்கிறது.

ஏறும்போது அல்ல, இறங்கும்போது!

மலை ஏறும்போது பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது இறங்கும்போதுதான்.

சமவெளியில் ஓட்டிப் பழகியவர் என்ன செய்கிறார்? சரிவில் வண்டி தானாக ஓடுகிறது. மேல் கியரிலேயே விடுகிறார். வளைவு வந்ததும் பிரேக்கை மிதிக்கிறார். மறுபடி ஓட விடுகிறார். மறுபடி மிதிக்கிறார். பத்து வளைவு இப்படி மிதித்தால் பிரேக் கொதிக்கிறது. கொதித்த பிரேக் பிடிப்பை இழக்கிறது. பதினோராவது வளைவில் அழுத்துகிறார். வண்டி நிற்கவில்லை!

சிலர் பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி, கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிறார்கள். இது பெரும் மடமை. இக்காலத்துக் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில் மிச்சம் ஒன்றும் இல்லை. போவது வண்டியின் பிடிதான்.

மலைப்பாதை டிரைவர்களிடம் ஒரு பழைய விதி இருக்கிறது. எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதற்கென்று கீழ் கியர் நிலை வைத்திருக்கிறார்கள். மலை இறங்குகிறவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் புறப்படக் கூடாது.

கல்லட்டிப் பாதை மிகவும் செங்குத்தானது. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. 2018 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அங்கே நடந்ததை நீலகிரி மறக்கவில்லை. சென்னையில் இருந்து வந்த ஏழு பேர் சென்ற கார் பள்ளத்தில் உருண்டது. யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் பிணமாகக் கிடந்தனர். இரண்டு பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

அதன் பிறகு, வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்குவதை மாவட்ட நிர்வாகம் தடை செய்தது. மசினகுடிக்குக் கூடலூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். தூரம் அதிகம்தான். ஆனால் உயிரை விடத் தூரம் பெரிதா?

குன்னூர்ச் சாலையிலும் கண்ணீர் உண்டு. 2023 செப்டம்பர் 30-ந் தேதி, தென்காசிப் பக்கத்தில் இருந்து சுற்றுலா வந்தவர்களின் பஸ், மலை இறங்கும்போது மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. ஊட்டியைப் பார்த்த மகிழ்ச்சியோடு ஊருக்குத் திரும்பியவர்கள் அவர்கள். பலர் வீடு போய்ச் சேரவில்லை.

ஏறுகிறவருக்கு வழி விடு

கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் திரும்புவதைக் கவனித்துப் பாருங்கள். முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது. அது உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். ஆகவே நீளமான பஸ் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். அந்த நேரத்தில் எதிரே ஒரு கார் மூக்கை நுழைத்தால் என்ன ஆகும்? பஸ்ஸும் போக முடியாது. காரும் போக முடியாது. பின்னால் ஐம்பது வண்டிகள் நிற்கும்.

அதனால்தான், மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மோட்டார் வாகன விதிகளும் இதையே சொல்கின்றன. பாரத்தோடு ஏறும் வண்டி, சரிவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம். பின்னால் உருளவும் கூடும். இறங்குகிறவர் வளைவுக்கு முன்பே ஓரமாக நிற்பது சுலபம்.

இது மரியாதைக்காக மட்டும் ஏற்பட்ட விதி அல்ல. உயிருக்காக ஏற்பட்ட விதி.

இன்னும் ஒன்று. வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் குழந்தைகளை நிறுத்தி, செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற லாரி டிரைவருக்கு அவர்கள் நிற்பது எப்படித் தெரியும்? மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாத மலை இது.

பலகையில் உள்ள எண் படம் பிடிக்க வைத்தது அல்ல. அது அந்த இடத்தின் விலாசம். வண்டி பழுதானாலும், விபத்து நேர்ந்தாலும், 108-க்குப் போன் செய்கிறவர் "மலைப்பாதையில் எங்கேயோ நிற்கிறோம்" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் எங்கே தேடும்? "குன்னூர்ச் சாலை, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு" என்று சொன்னால் நேராக வந்துவிடும். ஆகவே கடைசியாகத் தாண்டிய எண் எது என்று வண்டியில் ஒருவர் நினைவு வைத்துக்கொள்வது நல்லது.

சொல்லிக் கொடுக்க வேண்டும்

சமவெளியில் லைசென்ஸ் வாங்குகிறவர், தட்டையான மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டுகிறார். தேறிவிடுகிறார். அடுத்த வாரமே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்புகிறார். கொண்டை ஊசி வளைவு என்ற சொல்லை அவர் கேட்டிருப்பார். அது தன்னிடம் என்ன கேட்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லி இருக்க மாட்டார்கள்.

சிவப்பு ஓரம் போட்ட முக்கோணப் பலகையில், மடங்கித் திரும்பும் அம்புக் குறி வரைந்திருக்கும். அதுதான் கொண்டை ஊசி வளைவுக்கு அடையாளம். எழுத்துத் தெரியாதவரும் அதைப் படிக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்ததும் கை கியருக்குப் போக வேண்டும். டிரைவிங் பள்ளிகள் இதைப் பழக்க வேண்டும்.

நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை கொண்டு வரப்பட்டது. பாஸ் வாங்குகிறவரின் செல்போனுக்கு ஒரு சீட்டு வருகிறது. அதே சீட்டோடு நான்கு வரி சேர்த்து அனுப்பினால் என்ன?

ஏறிய கியரிலேயே இறங்கு. நியூட்ரலில் விடாதே. ஏறுகிறவருக்கு வழி விடு. வளைவில் நிறுத்தாதே.

நான்கே வரி. தமிழிலும், கன்னடத்திலும், மலையாளத்திலும், ஆங்கிலத்திலும் அனுப்பலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்கள், புறப்படும்போதே டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். "தம்பி, மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா? இறங்கும்போது எந்தக் கியரில் வருவீர்கள்?" என்று கேட்பதில் தவறு இல்லை. நல்ல டிரைவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "சீக்கிரம் போங்கள், நேரமாகிறது" என்று அவரை அவசரப்படுத்தாமல் இருப்பதும் பயணிகளின் கடமை.

கொண்டை ஊசியின் வேலை என்ன? அவிழ்ந்து விழப் பார்க்கும் கூந்தலை விழாமல் பிடித்து வைப்பது. மலைச் சாலையின் கொண்டை ஊசிக்கும் அதே வேலைதான். கிடுகிடு பள்ளத்தில் வண்டி விழாமல், அதை மலையோடு பிடித்து வைக்கவே அந்த வளைவைப் போட்டிருக்கிறார்கள்.

பாட்டி உருவிக் காட்டிய ஊசியைச் சிறுவன் பத்திரமாக அவளிடம் திருப்பிக் கொடுக்கிறான். அவள் அதை மறுபடி கொண்டையில் செருகிக்கொள்கிறாள். அடுத்த பலகை வருகிறது. இந்தத் தடவை அவன் கேட்கவில்லை. முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறான்.

வண்டி ஓட்டுகிறவரும், அந்தப் பலகையைப் பார்த்ததும் கியரைக் குறைத்துக்கொள்ளட்டும்.